பீடியையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

மழைக்காலக் காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில் சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மனச்சிதைவு நோயுள்ளவர்களைத்தான் காணோம்.

என் தம்பி 11 வருடமாக அந்த நோய்க்குக் குளோசாபின் என்ற மாத்திரை சாப்பிடுகிறான். போன ஐப்பசியில் அவனுக்கு வைரல் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் தலையணை உறை எச்சிலில் தொப்பலாக நனைந்து கிடந்தது. உட்காரவைத்தால் சாய்ந்தான். இட்லியை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனான். கூட்டிப்போன இடத்தில் மருந்துச் சீட்டைப் பார்த்த மருத்துவர், "இவங்க இப்படித்தாம்மா இருப்பாங்க" என்றார். எப்போதும் இப்படித்தான் என்றால் நான் எதற்கு ஆட்டோ பிடித்து ஓடி வருகிறேன்?

மனநல மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது: "பீடியை விட்டுட்டானா?" ஆமாம், இருமல் தாங்காமல் மூன்று நாளாகத் தொடவில்லை. குளோசாபினைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைப் பீடிப் புகை முடுக்கிவிடுமாம். காய்ச்சல் அதையே மந்தமாக்குமாம். காய்ச்சலும் வந்து பீடியும் நின்றதில், வழக்கமான மாத்திரையே அவன் ரத்தத்தில் ஏறித் தேங்கிவிட்டது. அளவைக் குறைக்கச் சொன்னார், அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். வெள்ளணுக்களை டெங்குவும் குறைக்கும், அபூர்வமாக இந்த மாத்திரையும் குறைக்கும். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நியூயார்க்கில் 2020 மார்ச் முதல் மே வரை கொரோனா உறுதியான 7,348 பேரை ஆராய்ந்ததில், மனச்சிதைவு வகை நோயுள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 2.7 மடங்காக இருந்தது. வயதுக்கு அடுத்த பெரிய காரணம் அதுதான். புகைப்பழக்கம், சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

காய்ச்சல் முகாம்களில் சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். மனநல மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாமே. வீட்டில் இருப்பவர்களும் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். நானே முன்பெல்லாம் "தூக்க மாத்திரை" என்றுதான் சொல்லிவந்தேன்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். பீடி திரும்ப வந்துவிட்டது. அப்புறம், மருத்துவரைக் கேட்டு, மாத்திரையின் பழைய அளவும்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்