கணினியை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக் கணினி மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குள் இருந்த பள்ளி நூற்றாண்டு மலரின் பக்கங்களும் பழைய படங்களும் வெளியே வந்துவிட்டன. விசாரித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன். யார் என்ன செய்தார்கள் என்பதை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே டி.டி.பி. வேலை, அதாவது கணினியில் அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் வேலை, செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், மாணவர்களின் ஆய்வேடு என்று எங்கள் பிழைப்பே அந்தப் பெட்டிக்குள்தான். இந்த முறை கையில் இருந்தது பக்கத்துக் கிராமத்துப் பள்ளியின் நூற்றாண்டு மலர். பரணிலிருந்தும் சாமி அறையிலிருந்தும் எடுத்துவந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்களிடம் இருந்ததை ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துப்போனது. கடைசித் திருத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் கணினி கிளம்ப மறுத்தது.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும். விண்டோஸ் முத்திரை வரும். பிறகு 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்ற திரை வந்து, தன்பாட்டுக்கு ஓடி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இடையிடையே பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்.

முதல் நன்றி என் தங்கை மகனுக்கு. சென்னையில் வேலை பார்க்கிறான். போனில் நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டான். "பெரியம்மா, டிக் டிக்னு சத்தம் வருதா?" வருகிறது என்றேன். "அப்ப உடனே அணைச்சிடுங்க. பிளக்கையும் பிடுங்கிடுங்க. யார் சொன்னாலும் திரும்பப் போடாதீங்க." அப்புறம்தான் காரணம் சொன்னான். கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழல்கிறது. படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. முனையோ தட்டோ பழுதாகத் தொடங்கிவிட்டால், ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சத்தை அழித்துவிடலாம். அணைத்து வைத்தால் இருப்பது இருக்கிறபடி இருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அன்றைக்கு எனக்கு வந்த மற்ற யோசனைகள் எல்லாம் ஏதாவது செய்யச் சொன்ன யோசனைகளே. ஒரு கடையில், "ஃபார்மேட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றோம், சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க" என்றார்கள். தெரிந்த ஒருவர் விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற நிரலை ஓட்டினால் சரியாகிவிடும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த நிரல் பார்ப்பது கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தான். உள்ளே இருக்கும் கோப்பைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால், படிக்க முடியாத பதிவுகளை வெட்டிவிட்டு 'சரி செய்தாயிற்று' என்று சொல்லிவிடக்கூடும். இதையும் தங்கை மகன்தான் விளக்கினான். வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எங்கள் தெருமுனையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். வீட்டுக்கே வந்து பெட்டியைத் திறந்தார். ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மற்றதை எல்லாம் முதலில் பார்த்தார். ரேம் என்ற நினைவகப் பலகையை உருவி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் அதன் தங்க நிறப் பற்களைப் பதமாகத் தேய்த்தார். துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டார். ஊதினால் எச்சில் ஈரம் படும் என்றார். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார். 3 வோல்ட் காட்ட வேண்டியது நன்றாக இறங்கியிருந்தது. அது தீர்ந்துபோனால் தேதி பின்னால் போய்விடும், கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸின் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அதனாலேயேகூடச் சில கணினிகள் கிளம்பாது என்று சொல்லிப் புதியது போட்டார். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் மாற்றினார். இந்தச் சில்லறைக் காரணங்களை எல்லாம் ஒதுக்கிவிட்ட பிறகுதான் டிஸ்க்கை இணைத்து, பென் டிரைவிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸை ஏற்றி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' அட்டவணையைப் பார்த்தார். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு கட்டங்களின், எண்ணிக்கை ஏறியிருந்தது. உடனே அணைத்துவிட்டார்.

"தங்கச்சி, என் வேலை இதோட சரி. இதுக்கு மேல நான் கை வச்சா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். பேட்டரிக்கும் கேபிளுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர், எது தன்னால் முடியாது என்பதை இத்தனை தெளிவாகச் சொன்னதை நான் பெரிய உதவியாக நினைக்கிறேன். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அவர் அதைச் செய்யவில்லை. அண்ணே, உங்கள் கைக்கு என் கும்பிடு.

பெருநகரத்தில் தரவு மீட்பு செய்யும் ஓர் இடத்திலும் விசாரித்தோம். சொன்ன தொகை எங்கள் சக்திக்கு மீறியது. முனை முழுதாகப் போய்விட்டால் தூசு இல்லாத அறையில் டிஸ்க்கைத் திறக்கத்தான் வேண்டும், அதற்கு அவ்வளவு ஆகும் என்பதும் நியாயமே.

இப்போது எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி. கணினிப் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு ஒன்றில் இருக்கிறாள். "அத்தை, டிஸ்க் இன்னும் தெரியுதுன்னா ஒரு நகல் எடுத்துப் பாக்கலாம். சத்தம் கூடினா நிறுத்திடுவேன். அப்புறம் பணம் சேத்துப் பெரிய இடத்துக்கே அனுப்பிக்கலாம்" என்று முதலிலேயே எல்லையைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள். தங்கை மகன் சென்னை ரிச்சி தெருவில் புது ஹார்ட் டிஸ்க் வாங்கி ஆம்னி பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி, பழைய டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாமல், டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓட்டினாள்.

இந்த நிரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கோப்பு, கோப்புறை எதையும் அது பார்ப்பதில்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே பிரதி எடுக்கிறது. முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் வாரிக்கொள்கிறது. மக்கர் செய்யும் இடம் வந்தால் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகிறது. நல்லது எல்லாம் கைக்கு வந்த பிறகே விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. எது வந்தது, எது பாக்கி என்பதைத் தனியாக ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது. எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை நாள் குறுக்கே வந்தபோது இதன் அருமை தெரிந்தது. கரண்ட் போவதற்கு முன்னால் நிறுத்தினாள். மாலையில் அதே கட்டளையைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. 500 ஜிபி டிஸ்க்கில் கடைசிவரை படிக்க முடியாமல் போனது சில மெகாபைட் மட்டுமே.

பிறகு எல்லா வேலையும் நகலில்தான். டிஸ்க் எப்படிப் பகுதி பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பார்டிஷன் விவரம் கெட்டுப்போயிருந்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பு, தன் அடிப்படை விவரங்கள் இருக்கும் பூட் செக்டரின் பிரதி ஒன்றைப் பார்டிஷனின் கடைசியில் வைத்திருக்குமாம். டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் அதைத் தேடிப் பிடித்ததும் என் கோப்புறைகள் பெயரோடு திரையில் வரிசையாக வந்தன. மலரின் பக்கங்கள் இருந்தன. ஆய்வேடு இருந்தது. படங்கள் இருந்த கோப்புறை மட்டும் காலியாகக் காட்டியது. நான் உட்கார்ந்துவிட்டேன். "அத்தை, புத்தகத்துல பொருளடக்கம் கிழிஞ்சா பக்கம் இல்லாமப் போயிடுமா?" என்றாள். கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல்தான் பழுதான இடத்தில் மாட்டியிருந்தது. ஃபோட்டோரெக் என்ற இன்னொரு நிரல் அந்தப் பட்டியலையே நம்பாது. ஜேபெக் படங்கள் எல்லாம் ஒரே மாதிரியான மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அந்த அடையாளத்தை வைத்தே டிஸ்க் முழுதும் சலித்துப் படங்களை எடுத்துவிட்டது.

இந்த நிரல்களை எழுதியவர்கள் தமிழ் படிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாது. குனு டிடிரெஸ்க்யூவை எழுதிய அந்தோனியோ டியாஸ் டியாஸ், டெஸ்ட்டிஸ்க்கையும் ஃபோட்டோரெக்கையும் எழுதிய கிறிஸ்தோஃப் கிரெனியே, இருவருக்கும் காரைக்குடியிலிருந்து மனமார்ந்த நன்றி. டிடிரெஸ்க்யூ 2004-இல் தொடங்கியது. மூன்றும் விலையில்லாமல், மூல நிரலோடு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கொடுக்கப்பட்டவை. என்னிடம் ஒரு பைசா வாங்காமல் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இரவில் போனில் வழிகாட்டிய அந்தப் பெண்ணின் குழுத் தோழர்களுக்கும் அதே நன்றி.

கணினிக்குள் எஸ்எஸ்டி என்ற, சுழலும் தட்டு இல்லாத புது டிஸ்க் போட்டு விண்டோஸை ஏற்றிக் கொடுத்தவர் சர்வீஸ் கடை அண்ணன். நாங்கள் பக்கம் வடிவமைக்கும் நிரலான பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். அதற்குப் பிறகு அடுத்த பெரிய பதிப்பே வரவில்லை. இருந்தாலும் எங்கள் தொழிலில் பழைய கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மலரைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் அந்தக் கோலம்தான் தெரியும். தலைப்புக்கு நான் வைத்திருந்த எழுத்துருக்கள் பழுதான இடத்தில் போயிருந்தன. அச்சக உரிமையாளர் தன்னிடம் இருந்த தொகுப்பை அன்றைக்கே ஆளிடம் கொடுத்தனுப்பினார். அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாளையும் தள்ளிவைத்தார். நன்றி ஐயா.

கடைசியாக, பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஃபோட்டோரெக் எடுத்துக் கொடுத்த படங்களுக்குப் பெயர் கிடையாது. 'எஃப்' என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும் மட்டுமே. எது யார் கொடுத்த படம், எந்த ஆண்டு, யார் நிற்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. எண்பதைத் தாண்டிய அவர், பேரன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். நாற்காலியை மானிட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும் ஒரு படம். "பின்னாடி தெரியுது பார், அது சத்துணவுக் கூடம். 1982-ல திட்டம் வந்தப்புறம் கட்டினது. அதனால அதுக்கு முந்தின படம் இல்ல இது" என்றார். வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பையனைத் தொட்டுக் காட்டினார். "இவன் வீட்டுலேர்ந்துதான் மலேசியாக்காரங்க வந்திருந்தாங்க." கூரை கீற்றா ஓடா, கொடிக்கம்பம் எந்தப் பக்கம் என்று பார்த்தே ஆண்டை அனுமானித்தார். உறுதி இல்லாத படங்களுக்கு, "இதுக்கு ஆண்டு போடாதம்மா, படம் மட்டும் போடு" என்றார். அவர் சொல்லச் சொல்ல என் மகள் எழுதிக்கொண்டாள். கணினி விட்டுவிட்ட பெயர்களை அவர் நினைவிலிருந்து திருப்பிக் கொடுத்தார். அசலில் நாங்கள் தவறாக எழுதிவைத்திருந்த இரண்டு பெயர்களையும் அப்படியே திருத்தினார்.

வேலை தாமதமானபோதும் முகம் சுளிக்காமல் காத்திருந்த பத்திரிகை வாடிக்கையாளர்களுக்கும், அதுவரை தன் மடிக்கணினியைக் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பணம் வேண்டுமா என்று கேட்டு அழைத்த பழைய மாணவர்களுக்கும் நன்றி.

மலர் இப்போது அச்சில் இருக்கிறது. படங்கள் எல்லாம் புது டிஸ்க்கிலும், பள்ளியிலேயே வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு பிரதியிலும் இருக்கின்றன. மீட்புக்குப் பயன்பட்ட பென் டிரைவைச் சர்வீஸ் கடையிலேயே கொடுத்து வைத்திருக்கிறோம். தெருவில் யாருக்காவது தேவைப்பட்டால் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எப்படி ஓட்டுவது என்று எதிர்வீட்டுப் பெண் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மலர் வந்ததும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
டி.டி.பி. அக்கா, காரைக்குடி