சான்றிதழை வாங்கியவர் ஏன் சிரித்தார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' என்ற பிரேசில் படத்துக்கு ஞாயிறு இணைப்பில் வந்த விமர்சனம் படித்தேன். கணவரின் இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு மனைவி சிரிக்கும் காட்சி ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்து, கடலில் காணாமல் போனவர்களின் குடும்பத்தாருக்கு மனு எழுதித் தருபவன் என்ற முறையில் அந்த வரி மனதைப் புண்படுத்தியது.

படம் சொல்வது உண்மைக் கதை. அந்தக் கணவர் ரூபென்ஸ் பைவா, பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த 1964-லேயே நாடாளுமன்ற உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டவர். 1971 ஜனவரி 20 அன்று ரியோ வீட்டிலிருந்து அவரைக் கொண்டுபோனார்கள். மனைவி யூனிஸையும் 12 நாள் அடைத்துவைத்தார்கள். ரூபென்ஸ் தப்பி ஓடிவிட்டார் என்று ராணுவம் சாதித்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் உயிரோடு இருக்கிறார்; அவர் கையெழுத்து இல்லாமல் வங்கியில் பணம் எடுக்க முடியாது. பிள்ளைகள் 5 பேர். இப்படிக் காணாமல் போனவர்களை இறந்தவர்களாக ஏற்கும் சட்டம் 1995-இல் வந்து, 1996-இல்தான் சான்றிதழ் கிடைத்தது. 25 ஆண்டு பொய் சொன்ன அரசு, அன்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. அந்த அம்மா சிரிக்காமல் என்ன செய்வார்?

இது நமக்குத் தெரியாத கொடுமையும் அல்ல. நெருக்கடி நிலையில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப்போனது. அப்பா ஈச்சர வாரியர் 1977-இல் ஆட்கொணர்வு மனு போட்டார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. நெருக்கடி நிலை பற்றித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களில் தலைவர்களின் சிறைவாசம் இருந்தது. இந்தத் தகப்பனுக்கு ஒரு பத்திகூட இல்லை.

படத்தில் பத்திரிகைக்குப் படம் எடுக்க வருகிறவர் குடும்பத்தைச் சோகமாக இருக்கச் சொல்வார். யூனிஸ் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்வார். தங்கள் விமர்சகர் இதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? நம் கரையில் விசைப்படகு திரும்பாவிட்டால் தாங்கள் போடுவதும் அழுகிற பெண்களின் படம்தானே! மறுநாள் அந்தப் பெண் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று ஒருநாளும் போட்டதில்லை.

உடனே காவல் நிலையத்தில் புகார் பதிந்து, முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்க வேண்டும். படகு உரிமையாளர் கொடுக்கும் புகாரில் பட்டப்பெயர்தான் இருக்கும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் உள்ள பெயரும் தகப்பனார் பெயரும் அதில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நீதிமன்றத்தில் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நிரூபிக்கவே ஒரு வருஷம் போகும். தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் எழுத்தில் தர வேண்டும். பொதுவாக 7 ஆண்டு தகவலே இல்லாமல் கழிந்த பிறகுதான் சட்டம் இறப்பை அனுமானிக்கும். அப்போது உரிமையியல் நீதிமன்றத்தில், அவர் இறந்தவர் என்று அறிவிக்கக் கேட்கும் விளம்புகை வழக்கு. தீர்ப்பைக் காட்டி இறப்பைப் பதிந்து, பிறகு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ். இதில் பலரும் தவறுவது ஓரிடத்தில்: சட்டம் இறந்தார் என்று மட்டுமே கொள்ளும், எந்தத் தேதியில் என்று சொல்லாது. காணாமல் போன அன்றே இறந்ததாகக் கணக்காகாது; ஆகவே அந்த 7 ஆண்டும் காப்பீட்டுத் தவணையைக் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதி ஆகி, கடைசியில் முழுத் தொகை கைக்கு வராமல் போகலாம். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் தவணை கட்டச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் யாரும் சொல்வதில்லை.

2025 ஜனவரியில் ரூபென்ஸின் சான்றிதழையே திருத்தினார்கள். அரசின் வன்முறையால் நேர்ந்த சாவு என்று இப்போது அதில் இருக்கிறது.

விமர்சனத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தி, 1971, 1996 என்ற இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், மேலே எழுதிய நடைமுறையை நாகை, மயிலாடுதுறை பதிப்பிலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
நாகப்பட்டினம்.