வலக் கையை மறைக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை அவரே விட்டுக்கொள்கிறார். மற்ற செய்திகளை இன்னொரு நாள் எழுதுகிறேன். உன் வலது முழங்கையைத் தவிர வேறெதிலும் எனக்கு இப்போது மனம் செல்லவில்லை.

தாத்தாவின் திதியன்று வடைத் தட்டை உள்ளங்கையில் ஏந்திப் பெரியப்பாவிடம் நீட்டிய நீ, முகம் சுளித்து அதை இடக் கைக்கு மாற்றிக்கொண்டாய். பிறகு மேசை துடைத்த துணியைப் பிழியாமலேயே தொட்டியில் போட்டுவிட்டாய். உன் சட்டையில் கோடாலித் தைலத்தின் வாடை. கேட்டதற்கு, தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது என்றாய். மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவில் உதவியாளராகவே வேலைக்காலம் முழுவதையும் கழித்த என்னிடம் அந்தப் பதிலைச் சொல்லலாமா? கையை மேல்நோக்கி ஏந்தும்போதும் துணியை முறுக்கும்போதும் முழங்கையின் உள்புற எலும்பு முனையில் சுரீரென்று வலித்தால், மணிக்கட்டை மடக்கும் தசைகளை எலும்போடு இணைக்கும் தசைநாண் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்பார்கள். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத சமையற்காரர்களும் தச்சர்களும் எடை தூக்குகிறவர்களும் அதே வலியோடு எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

உன் தம்பியிடம் கேட்டு நீ ஸ்குவாட் செய்யும் காணொளியைப் பார்த்தேன். நூறு கிலோவைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுந்தாயே, அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்பிள்ளைக்கு எதற்கு இரும்பு என்று அத்தை கேட்டபோது, உன் மகனால் தூக்க முடியுமா என்று திருப்பிக் கேட்டவள் நான். ஆனால் அதே காணொளியை மீண்டும் பார்த்தபோது உன் கைகளைத்தான் பார்த்தேன். கம்பியை முதுகில் தாழ்வாக வைத்து, கைகளை மிக நெருக்கமாகப் பிடித்து, மணிக்கட்டைப் பின்னால் வளைத்திருக்கிறாய். முதுகு தாங்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கு அப்போது முழங்கைக்கு இறங்கிவிடுகிறது. பிடியை அகலமாக்கு, மணிக்கட்டை நேராக வை. அதன் பிறகு உள்ளங்கை முகம் பார்க்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கி உடலை மேலே இழுக்கும் சின்-அப், நேர்க் கம்பியைப் பிடித்துக் கையை மடக்கித் தூக்கும் பைசெப்ஸ் கர்ல் என்று அதே தசைநாணையே மறுபடியும் இழுக்கிறாய். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடியில் செய்தால் வலி குறையக்கூடும். தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்டில் ஒரு கையை மேல்நோக்கியும் மறு கையைக் கீழ்நோக்கியும் பிடிக்கிறாய் என்றும் தம்பி சொன்னான். மேல்நோக்கிய கையில், மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸின் தசைநாண் முழங்கை அருகே அறுந்துபோன சிலரைப் பார்த்திருக்கிறேன். சிறிது காலத்துக்கு மணிக்கட்டில் பட்டை கட்டி, அதைக் கம்பியில் சுற்றிக்கொண்டு தூக்கினால் விரல்களின் பிடிக்கு ஓய்வு கிடைக்கும்.

முன்பு வாரத்துக்கு மூன்று நாள் சென்றவள், பொங்கோலுக்குத் தனியாகக் குடிபோன பிறகு ஒரு நாளும் விடாமல், சில நாட்களில் காலையும் இரவும் செல்கிறாய் என்று கேள்விப்படுகிறேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும்; தசைநாண் அவ்வளவு விரைவாக வலுப்பெறாது. நீ கம்பியில் ஏற்றும் எடையைத் தசை தாங்கிவிடுகிறது, தசைநாணோ பின்தங்கி நிற்கிறது. கடினமான பயிற்சிக்குப் பிறகு அதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை நீ தருவதே இல்லை.

தைலமும் வலி மாத்திரையும் வலியைத்தான் தணிக்கும். நாட்பட்ட வலியில் பெரும்பாலும் அழற்சி குறைவு. தசைநாணின் இழைகளே ஒழுங்கு குலைந்திருக்கும். அவை மீண்டும் ஒழுங்குபட அளவான பாரம் வேண்டும். ஆகவே முழுதாக நிறுத்திவிடு என்று நான் சொல்லவில்லை. நீ நிறுத்தவும் மாட்டாய், நிறுத்த வேண்டியதும் இல்லை. வலிக்கும் பயிற்சிகளின் எடையைப் பாதியாக்கு. முன்கையை மேசை மீது வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை மேல்நோக்கி 1 கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொள். மேலே தூக்க இடக் கையால் உதவி செய். கீழே இறக்கும்போது மட்டும் வலக் கை தனியாக, மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக இறக்கட்டும். ஒரு முறைக்கு 15 தடவை என்று மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அந்த அசைவே தாங்க முடியாமல் வலித்தால், அசைக்காமல் டம்பெல்லை 30 விநாடி நிறுத்திப் பிடிப்பதிலிருந்து தொடங்கு. பத்துக்கு மூன்று அளவுக்கு வலித்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலைக்குள் அது தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை என்றால் நீ மிகுதியாகச் செய்திருக்கிறாய். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். பொறுமை உனக்கு அப்பாவிடமிருந்து வரவில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: எடையைப் பாதியாக்கு, இடைவெளி விடு.

ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்படாதே. முழங்கையின் வெளிப்புற வலிக்கு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் முதல் சில வாரங்கள் நன்றாக இருந்து, ஓராண்டு முடிவில் போடாதவர்களைவிடப் பின்தங்கியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உனக்கு வலிக்கும் உள்புறத்திலோ நரம்பு ஒன்று எலும்பை ஒட்டியே ஓடுகிறது, ஊசி அதில் பட்டுவிடக் கூடாது.

அந்த நரம்பை நினைத்துத்தான் எனக்கு உறக்கம் வரவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றனவா? நீ சிறு வயது முதலே கையை மடித்துத் தலைக்கு அடியில் வைத்துத்தான் உறங்குவாய். மடித்த முழங்கையில் அந்த நரம்பு இழுபட்டு நெருக்கப்படும். இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி உறங்கிப் பார். விரல்கள் மரத்துப்போகுமானால் வீட்டு வைத்தியம் போதாது, பலதுறை மருந்தகத்துக்குச் சென்று மருத்துவரிடம் காட்டு. பிசியோதெரபிக்கும் அவர்களே பரிந்துரை எழுதித் தருவார்கள். என்றாவது எடை தூக்கும்போது ‘டப்’ என்று அறுந்தது போல் உணர்ந்து, கை கன்றிப்போனால், அன்றே போக வேண்டும். தள்ளிப்போட்டால் அறுவை சிகிச்சையும் கடினமாகிவிடும்.

நாங்கள் இருக்கும் ஈசூனுக்கும் நீ இருக்கும் பொங்கோலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது, பாப்பா? உன் முழங்கை வலிப்பதை உன் தம்பி சொல்லித்தான் நான் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆயிரம் பேருடைய கையைப் பிடித்துப் பயிற்சி செய்ய வைத்தவள் உன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறிய டம்பெல்லை எடுத்துக்கொண்டு வா. எதிரில் உட்கார்ந்து நீ இறக்கும் வேகத்தைப் பார்க்கிறேன். வேறு எதையும் கேட்க மாட்டேன். அதற்கு முன், விரல்கள் மரத்துப்போகின்றனவா இல்லையா என்பதை மட்டும் இன்று இரவே குறுஞ்செய்தியாக அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா