ஹைடெக் லேபில் குளம் வெட்ட அனுமதி வேண்டும்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் உள்ள கணினி அறையான ஹைடெக் லேபில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதம் இரண்டு பீரியட் வீடியோ கேம் ஆட அனுமதி தாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இதை எழுதுபவன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், பொழுதுபோகாமல் கேட்கவில்லை.

சுடுவது, துரத்துவது போன்ற கேம்களை நான் சொல்லவில்லை. மைன்கிராஃப்ட் மாதிரி, கல் மேல் கல் வைத்துக் கட்டும் விளையாட்டைச் சொல்கிறேன். அதில் ஒவ்வொரு கல்லும் ஒரு மீட்டர் கனசதுரம். ஒன்பதாம் வகுப்பு அளவியல் பாடத்தில் கனசதுரத்தின் புறப்பரப்பும் கனஅளவும் வருகின்றன அல்லவா, அந்த இடத்தில்தான் இது கைகொடுக்கும்.

பத்துக்குப் பத்துக்குப் பத்து அளவில், ஆறு பக்கமும் மூடிய, உள்ளே வெற்றிடமான ஒரு பெட்டி கட்டச் சொல்லுங்கள். எத்தனை கல் வேண்டும்? சூத்திரம் தெரிந்த பிள்ளை யோசிக்காமல் 600 என்பான். ஆறு முகம், முகத்துக்கு நூறு. சரி, கட்டு என்று விட்டால் 488 கல்லிலேயே பெட்டி முடிந்துவிடும். மீதி 112 எங்கே போயிற்று? விளிம்பில் இருக்கும் கல் இரண்டு முகத்துக்கும், மூலைக் கல் மூன்று முகத்துக்கும் பொது என்பதை அவனே கண்டுபிடிப்பான். இன்னொருத்தி வேறு வழியில் வருவாள்: முழுப் பெட்டிக்கு 1000 கல், உள்ளே காலியாக இருப்பது எட்டுக்கு எட்டுக்கு எட்டு, அதாவது 512, கழித்தால் 488. கரும்பலகையில் நான் வருஷக்கணக்காக வரைந்த கனசதுரம் எதிலும் இந்தச் சண்டை வந்ததில்லை. சூத்திரத்தில் வரும் முகத்துக்குத் தடிமன் கிடையாது, சுவருக்கு உண்டு. பரப்பும் கனஅளவும் வேறு வேறு என்று அப்போதுதான் உறைக்கிறது.

அடுத்தது குளம். மேலே இருபதுக்கு இருபது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் நான்கு பக்கமும் ஒரு கல் உள்ளே வர வேண்டும். ஐந்து படி ஆழம். தோண்டி எடுக்கும் கல் எத்தனை? 400, 324, 256, 196, 144, மொத்தம் 1320. மேல்பரப்பையும் அடிப்பரப்பையும் சராசரி எடுத்து ஆழத்தால் பெருக்கினால் 1360 வரும்; நடுப் படியை மட்டும் வைத்துப் பெருக்கினால் 1280. இரண்டுமே தப்பு என்பது தோண்டிய கையிருப்பை எண்ணினால் தெரிந்துவிடும். அப்புறம் பத்தாம் வகுப்புக்காரர்களிடம் அதையே வேறு மாதிரி எழுதிக் காட்டலாம்: 4 × (10² + 9² + 8² + 7² + 6²). வர்க்கங்களின் கூடுதல் சூத்திரம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. முதல் பத்து வர்க்கங்களின் கூடுதல் 385, முதல் ஐந்தின் கூடுதல் 55, வித்தியாசம் 330, நான்கால் பெருக்கினால் அதே 1320.

எல்லாப் பாடத்துக்கும் இது உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூம்பு, கோளத்துக்குப் பயனில்லை, படிக்கட்டு மாதிரிதான் வரும். அறிவியல் பாடத்தில் கெடுதல்கூட உண்டு: இந்த விளையாட்டில் அடிமரத்தை வெட்டினாலும் உச்சி அந்தரத்தில் நிற்கும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் வற்றாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கணக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செலவு? மைன்கிராஃப்டின் பள்ளிப் பதிப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் உரிமக் கட்டணம், ஒவ்வொருவருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு. அது வேண்டாம். லுவான்டி என்று அதே மாதிரி கல் வைத்துக் கட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. 2024 வரை அதன் பெயர் மைன்டெஸ்ட். பின்லாந்துக்காரர் ஒருவர் 2010இல் தொடங்கியது, கட்டற்ற மென்பொருள், லினக்ஸில் ஓடும். அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு கணினியைச் சர்வராக வைத்தால் மற்றவை லேபுக்குள்ளேயே அதோடு இணைந்துகொள்ளும். இணையம் தேவையில்லை, வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. இது முக்கியம். 2014இல் டென்மார்க் அரசு தன் நாடு முழுவதையும் மைன்கிராஃப்டில் அச்சு அசலாகக் கட்டி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தது. வந்தவர்களில் சிலர் வெடிவைத்துத் தகர்த்து, அமெரிக்கக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள்.

பெற்றோர் எதிர்ப்பார்கள், நியாயம்தான். ராத்திரி போர்வைக்குள் போனோடு கிடக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களிடம் பள்ளிக்கூடத்திலும் கேம் என்றால் சண்டைக்குத்தான் வருவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்களையே உட்காரவைத்து அந்தப் பெட்டியைக் கட்டச் சொல்லலாம். கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாக்கள் 600 என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு உண்மையில் பயம் பெற்றோரிடம் இல்லை, உங்களிடம்தான். கோபிக்காதீர்கள். 2007இல் செயல்வழிக் கற்றலை மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த துறை இது; கையால் செய்து படிப்பதன் அருமையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த முறையில் பிள்ளைகள் படித்த அட்டையும், அடுத்தடுத்த படியைக் காட்டிய ஏணிப்படியும் போகப் போகப் பல வகுப்புகளில் பதிவேடு நிரப்பும் வேலையாகிப் போனதையும் பார்த்தவன் நான். இதற்கும் ஒரு பெயர் சூட்டி, இலச்சினை போட்டு, மாவட்ட அளவில் போட்டி வைத்து, யார் எத்தனை கல் வைத்தார்கள் என்று, பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் ஏற்றச் சொன்னால் அன்றோடு தீர்ந்தது. போட்டி என்றதும் எல்லாப் பள்ளியும் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டும். பார்க்க அழகாக இருக்கும், படமும் எடுக்கலாம். கட்டுவது கைதேர்ந்த இரண்டு பையன்கள், மீதிப் பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

வீட்டில் போன் இருக்கிற பிள்ளை மௌஸைப் பிடித்தால் விடமாட்டான். பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் ஒதுங்கிக்கொள்வார்கள். கணினிக்கு இருவர், ஒருவர் கட்டும்போது இன்னொருவர் நோட்டில் கணக்குப் போட வேண்டும், பாதி பீரியடில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் விதியாகப் போடுங்கள். வேறு விதி வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் உத்தரவு போட வேண்டாம். விருப்பம் தெரிவிக்கும் கணக்கு ஆசிரியர்களிடம் முதலில் கொடுங்கள். வட்டார வள மையத்தில் அவர்களுக்கு அரை நாள் பயிற்சி வைத்தால், பவர்பாயின்ட் ஓட்டாமல், குளத்தை அவர்களையே வெட்டவிடுங்கள். நான் தயாரித்து வைத்திருக்கும் பெட்டி, குளம் இரண்டின் கோப்புகளையும் கேட்டால் பென் டிரைவில் தருகிறேன். கட்டணம் ஏதுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்