குடற்புழு மருந்து பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஆடு வளர்க்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அந்தக் கடை அல்பெண்டசோல் வெறும் தண்ணி, ஊற்றி நாலு நாளாகியும் கழிச்சல் நிற்கவில்லை" என்ற பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அல்பெண்டசோல் என்ற இந்தக் குடற்புழு மருந்தைக் கம்பெனி சீல் உடையாத பாட்டிலில்தான் தருகிறோம். பாட்டிலில் உள்ள தொகுதி எண்ணை ரசீதிலும் எழுதியிருக்கிறோம், ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழிச்சல் உடனே நிற்காததற்குக் காரணம் குடலில் இருக்கிறது. டிரைக்கோஸ்டிராங்கைலஸ் என்ற குடற்புழுக்கள் சிறுகுடலின் மேல்தோலைக் குடைந்து தங்கும். விரல் விரலாக நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். தின்ற தீனி உடம்பில் ஒட்டாது, இரத்தத்திலுள்ள புரதமும் குடலுக்குள் கசியும். மருந்து புழுவைக் கொல்லும்; தேய்ந்த குடலை அது வளர்த்துத் தராது. குடல் ஆற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை புரதமுள்ள தீனி அவசியம். முடிச்சுப் புழு இன்னும் பொல்லாதது. குடல் சுவருக்குள் புகுந்த இளம்புழுவைச் சுற்றிச் சீழ் முடிச்சு கட்டி, புழு செத்த பிறகும் சுண்ணாம்பேறி அப்படியே நிற்கும். குட்டிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல், புழுவே அல்லாத காக்சிடியா என்ற ஒருசெல் கிருமியால் வந்திருந்தால் இந்த மருந்து கேட்கவே கேட்காது.

அளவிலும் கோளாறு நடக்கிறது. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்றால், 2.5 சதவீத மருந்து 20 கிலோ ஆட்டுக்கு 6 மில்லி, 40 கிலோவுக்கு 12 மில்லி. மந்தை முழுவதற்கும் கண்மதிப்பில் ஒரே அளவு ஊற்றினால் பெரிய ஆட்டுக்குப் பாதிதான் சேரும். அரைகுறை மருந்தில் தப்பிய புழுதான் பிறகு மருந்துக்கு அடங்காமல் பெருகுகிறது. மருந்து அடியில் படியும், நன்றாகக் குலுக்குங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் மருந்து ஊற்றும் அன்றும் 14ஆம் நாளும் அதே ஆடுகளின் புழுக்கையைச் சோதியுங்கள். புழு முட்டை எண்ணிக்கை முன்பைவிட 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் புழு மருந்துக்குப் பழகிவிட்டது. ஃபென்பெண்டசோலும் அதே இனம் என்பதால் பலன் தராது. மருத்துவரைக் கேட்டு வேறு இன மருந்துக்கு மாறுங்கள்.

ஊர்ப்பேச்சை நம்பாமல் நேரில் வந்து கேட்ட பழைய வாடிக்கையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்தக் கடை நிற்கிறது.

எங்கள் கடையில் புழுக்கைப் பரிசோதனை பார்த்தவர் விலகிவிட்டதால் முடிவு இனி இரண்டு நாள் கழித்துக் கிடைக்கும். புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்து, இறுக மூடி, உறையவிடாமல் குளிரில் வைத்துக் கொண்டுவாருங்கள். சூட்டில் கிடந்தால் முட்டை பொரிந்து கணக்கு குறைந்துவிடும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்