புகார்: பேனல் எத்தனை வாட் என்று பெட்டியில் ஏன் போடவில்லை?

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 20,000 எம்ஏஎச் சோலார் பவர் பேங்க், பணத்தைத் திருப்பித் தருவதும் விளம்பரத்தைத் திருத்துவதும் பற்றி

வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் நேரடியாக வாங்கிய சோலார் பவர் பேங்க் பற்றியது இந்தப் புகார். பில், பெட்டியின் போட்டோ, உங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். போனில் பேசியாகிவிட்டது, சாட்டிலும் கேட்டாகிவிட்டது, "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு சார்" என்பதுதான் முடிவான பதில் என்கிறார்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன், பதிலும் எழுத்தில் வேண்டும்.

எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைச் சொல்லித்தான் விற்றீர்கள். விளம்பரத்தில் சாய்ந்து கிடக்கும் மின்கம்பம், இருட்டில் ஒரு வீடு, வாசலில் போனைப் பிடித்தபடி ஒரு அம்மா, கீழே கொட்டை எழுத்தில் "புயல் வந்தாலும் கவலை இல்லை, ஒரு நாள் வெயிலில் முழு சார்ஜ்". நான் இருப்பது வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தலைக்கு மேலேதான் கரையேறியது. அப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வாசலில் ஊரே போனும் கையுமாக நின்றது, ஒரு போனுக்கு இவ்வளவு என்று காசு வேறு, அதிலும் பாதி ஏறியதும் பிடுங்கிவிட்டு அடுத்த போனைச் செருகுவார்கள். மழை விட்ட பிறகு வெயில் என்னவோ நன்றாகத்தான் அடித்தது. அந்த வெயிலில் ஒரு போனையாவது சார்ஜ் போட வழியில்லாமல் போனதுதான் கொடுமை. உங்கள் விளம்பரம் சரியாக அந்த இடத்தில் கை வைத்தது. பேனல் இல்லாத 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கின் விலையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்தேன் என்றால், அதன் முதுகில் இருந்த கறுப்புப் பேனலுக்காகத்தான்.

பொருள் மொத்தமும் மோசம் என்று சொல்ல வரவில்லை. வீட்டுச் சார்ஜரில் போட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறது, பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே காட்டுகிறது. ஆனால் அந்தப் பதிவு பாதுகாப்புக்கானது, நீங்கள் வெயிலைப் பற்றி அளந்துவிட்டதற்கு அது சாட்சி இல்லை.

நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன், கையில் மீட்டர் இருக்கிறது, ஆகவே வாய்ப்பேச்சாக எழுதவில்லை. பவர் பேங்க்கைச் சுத்தமாகக் காலி செய்து, மேகம் இல்லாத மாசி மாத நாளில், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு வரை மொட்டை மாடியில் வைத்தேன். நிழல் விழாமல் இடையிடையே திருப்பியும் வைத்தேன். மாலையில் நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டு, நடுவில் யுஎஸ்பி மீட்டரைச் செருகி என் போனைப் போட்டேன். 5 வோல்ட்டில் சுமார் 900 எம்ஏஎச் கொடுத்துவிட்டு அணைந்துபோனது. போனில் 11 சதவீதம் இருந்தது 30 ஆனது. நீங்கள் சொன்ன "முழு சார்ஜ்" இதுதான்.

கஸ்டமர் கேரில் பேசிய பெண், பாவம், எழுதிக் கொடுத்ததைத்தான் படித்திருப்பார், "வெயில் பத்தலை சார், இன்னும் நல்ல வெயில்ல வைங்க" என்றார். வேதாரண்யத்தில் வெயில் பத்தவில்லை என்றால் இங்கே உப்பே விளையாதம்மா என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "சோலார் எமர்ஜென்சிக்கு மட்டும்தான் சார்" என்றார். எமர்ஜென்சிக்குத்தானே நானும் வாங்கினேன்!

சரி, வெயில் குறையா பேனல் குறையா என்று கணக்கே போட்டுவிடுவோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட். உங்கள் பேனலை ஸ்கேல் வைத்து அளந்தேன், 14 சென்டிமீட்டருக்கு 7. அதன்மேல் மொத்தமாக விழுவதே 10 வாட்டுக்குள்தான். நல்ல சிலிக்கான் பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்டாக்கும், அதாவது 2 வாட், அதுவும் உச்சி வெயிலில் நேருக்கு நேர் காட்டினால். உள்ளே இருக்கும் பேட்டரியோ 3.7 வோல்ட்டில் 20,000 எம்ஏஎச், 74 வாட் அவர், அதாவது ஒரு வாட் வீதம் 74 மணி நேரம் ஏற்ற வேண்டிய அளவு. தமிழ்நாட்டில் ஒரு நாள் வெயிலைச் சுருட்டிக் கட்டினால் ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 2 வாட் பேனல் ஒரு நாளைக்குக் கொடுப்பது 10 வாட் அவர், ஒரு பைசா இழப்பு இல்லாமல் ஏறினாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், நிஜத்தில் இரண்டு வாரமாவது இழுக்கும். ஒரே நாளில் ஏற வேண்டுமானால் 20 வாட்டுக்குப் பேனல் வேண்டும், அது விரித்தால் அரைச் செய்தித்தாள் அளவாவது இருக்கும், சட்டைப்பையில் போகிற பொருளின் முதுகில் ஒட்ட முடியாது. இது பத்தாம் வகுப்புக் கணக்கு. உங்கள் ஆபீசில் இதைப் போட்டுப் பார்க்க ஆளில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், பெட்டியில் பேனலின் வாட் ஏன் இல்லை? விமானத்தில் 100 வாட் அவருக்கு மேல் இருந்தால் தனியாக அனுமதி கேட்பார்கள் என்பதற்காக 74 வாட் அவர் என்று பின்பக்கம் ஒழுங்காக அச்சடித்திருக்கிறீர்கள். 5 வோல்ட்டில் நிஜமாகக் கிடைப்பது 12,000 எம்ஏஎச்தான் என்பதைக்கூட, எறும்பு எழுத்தில் என்றாலும், போட்டிருக்கிறீர்கள். 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும்போது எம்ஏஎச் குறையும், நடுவில் கொஞ்சம் சூடாகப் போகும், அதெல்லாம் எனக்குத் தெரியும், அதில் சண்டை இல்லை. (அந்த 12,000-ஐ வைத்து 5000 எம்ஏஎச் போனை மூன்று தடவைகூட முழுதாக ஏற்ற முடியாது, பெட்டியின் முன்பக்கம் "5 முறை" என்று இருக்கிறது. முன்பக்க எண்ணையே எடுத்து 20,000-ஐ 5000-ஆல் வகுத்தாலும் நான்குதான் வருகிறது. ஐந்தாவது எங்கிருந்து வந்தது?) எல்லா எண்ணும் இருக்கிறது, நான் கூடுதல் காசு கொடுத்த ஒரே பாகத்தின் எண் மட்டும் எங்கேயும் இல்லை. போட்டிருந்தால் ஒருவனும் வாங்கமாட்டான் என்று தெரிந்துதான் போடவில்லை என்று நான் நினைக்கிறேன். இல்லை என்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.

பேனல் பக்கத்தில் ஒரு பச்சை எல்இடி வேறு. வெயிலில் எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தமாம். பட்டறையில் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தேன், அங்கேயும் பளிச்சென்று எரிந்தது.

இன்னொரு விஷயம் இதைவிட மோசம். உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் "சோலார் சார்ஜுக்கு நேரடி வெயிலில் வைக்கவும்" என்று படம் போட்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில், எச்சரிக்கை என்ற தலைப்பில், "நேரடி வெயிலில் வைக்கக் கூடாது, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது" என்று இருக்கிறது. நான் எந்தப் பக்கத்தைக் கேட்பது? எச்சரிக்கைப் பக்கம் சொல்வதுதான் சரி, லித்தியம் பேட்டரியைக் கொதிக்கவிட்டுச் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும், உள்ளே கோளாறு இருந்தால் ஆபத்தும்கூட. ஆனால் பேட்டரியும் பேனலும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும்போது பேனலை வெயிலில் வைத்துப் பேட்டரியை நிழலில் வைப்பது எப்படி? மாடியில் வைத்த அன்று மதியம் எடுக்கப் போனேன், வெறுங்கையால் பிடிக்க முடியவில்லை, துண்டைச் சுற்றித்தான் எடுத்தேன். பேனலைச் சுற்றியிருந்த பசை இளகி ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது, போட்டோவில் பாருங்கள். உங்கள் விளம்பரப் படம் ஒன்றில் இதைக் கார் டேஷ்போர்டில் வைத்திருக்கிறார்கள். பூட்டிய காருக்குள், கண்ணாடிக்குப் பக்கத்தில்! அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், எனக்குப் பணம் தருவதுகூட அப்புறம்.

ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்ற பதிலுக்கு வருகிறேன். உங்கள் ரிட்டர்ன் காலம் 7 நாள். பேனலால் ஒரு தடவை முழுதாக ஏற்ற இரண்டு வாரம் ஆகும் என்று மேலே பார்த்தோம். ஆக, சொன்னபடி வேலை செய்கிறதா என்று வாங்கியவன் முழுதாகச் சோதிப்பதற்குள்ளேயே கதவைச் சாத்திவிடுகிறீர்கள். அதிலும் நான் வாங்கியது ஐப்பசியில், புயல் பயத்தில் எல்லோரும் வாங்கும் நேரத்தில்தான், அப்போது இங்கே மழைக்காலம். வெயிலுக்குக் காத்திருந்ததை என் தாமதம் என்று கணக்கு வைக்காதீர்கள்.

முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் சொல்கிறேன். இதே பணத்தில், அல்லது கொஞ்சம் கூடப் போட்டு, பேனல் இல்லாத நல்ல பவர் பேங்க் ஒன்று, தனியாக மடக்கி விரிக்கும் 20 வாட் சோலார் பேனல் ஒன்று என்று வாங்கியிருப்பேன். பேனல் வெயிலில் காயும், ஒயர் வழியாகப் பவர் பேங்க் திண்ணை நிழலில் கிடக்கும், ஒரு நாள் வெயிலில் போனுக்கு வேண்டிய அளவு நிஜமாகவே ஏறும். ஆறுகாட்டுத்துறையில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகும் என் மச்சானும் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து இதையே வாங்கக் கிளம்பினார். நான்தான் தடுத்து நிறுத்தினேன்.

எனக்கு வேண்டியது மூன்றுதான். கொடுத்த பணம் முழுதும் திரும்ப வேண்டும், கூப்பனோ வாலெட்டோ வேண்டாம். "ஒரு நாள் வெயிலில் முழு சார்ஜ்" என்ற வரியையும் டேஷ்போர்டு படத்தையும் எடுக்க வேண்டும். இனி அச்சடிக்கும் பெட்டியிலும் இணையதளத்திலும் பேனல் எத்தனை வாட், அதனால் மட்டும் முழுதாக ஏற எத்தனை நாள் என்று 20,000 போட்டிருக்கும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். நஷ்டஈடு கேட்கவில்லை, இப்போதைக்கு.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் நீங்கள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்வேன், அப்படியும் நடக்கவில்லை என்றால் நாகப்பட்டினம் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சத்துக்குள் உள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும் என்பது உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும்.

பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி, அதிலும் மூலை தூக்கியது என்றதும் இங்கே கூரியர் கடையில் வாங்கமாட்டேன் என்கிறார்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் மூன்று மணிக்குள் வந்தால் பட்டறையில் இருப்பேன், வருவதற்கு முன் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வேதாரண்யம்