மெட்டல் பங்கு மலிவாகத் தெரியும்போது

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பது நல்ல செய்தி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. மின்துறைப் பங்குகளை மட்டும் வாங்கும் அந்த பவர் ஃபண்டில் போட்டது இரட்டிப்பாகிவிட்டது என்கிறாய். மாப்பிள்ளையோ "மெட்டல் பங்கெல்லாம் பி.இ. ஆறுதான், இதைவிட மலிவு எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார் என்கிறாய். முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காளைச் சந்தையின், அதாவது தொடர்ந்து ஏறும் சந்தையின், கடைசிக் கட்டத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

பி.இ. என்பது பங்கு விலை, ஒரு பங்குக்கான வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. எஃகு, அலுமினியம், சிமென்ட், சர்க்கரை போன்ற துறைகளில் அது தலைகீழாகப் பேசும். ஒரு கம்பெனி, பங்கு ஒன்றுக்கு, வருடம் 1,000 ரூபாய்க்கு எஃகு விற்கிறது என்று வை; தாது, நிலக்கரி, சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து செலவு 850. வரியை விட்டுவிடு, லாபம் 150. பங்கு விலை 900 என்றால் பி.இ. 6. எஃகு விலை பத்தே சதவீதம் இறங்கினால் வரவு 900. செலவு அதே வேகத்தில் இறங்காது. லாபம் 50 ஆகிவிடும். பங்கு 900-லிருந்து 600-க்கு விழுந்த பிறகும் பி.இ. 12. அதாவது மூன்றில் ஒரு பங்கு பணம் போன பின்னாலும் முன்பைவிட "விலை கூடுதல்" என்று காட்டும். ஆகவே இந்தப் பங்குகளுக்கு ஒரு வருட லாபத்தை வைத்து பி.இ. போடக் கூடாது. ஏழெட்டு வருடச் சராசரி லாபத்தால் வகுக்கச் சொல். புத்தக மதிப்பைப் போல (சொத்திலிருந்து கடனைக் கழித்த மிச்சம்) எத்தனை மடங்கில் விற்கிறது, அது கடந்த பத்து வருடத்தில் எந்த எல்லைகளுக்குள் இருந்தது என்றும் பார்க்கச் சொல். கடனையும் பார்க்க வேண்டும். லாபம் வீங்கிய காலத்தில்தான் நிர்வாகங்களுக்குப் பெரிய ஆசை வரும்: 2007-ல் டாடா ஸ்டீல் சுமார் 1,200 கோடி டாலருக்கு கோரஸ் என்ற ஐரோப்பிய எஃகு கம்பெனியையும், ஹிண்டால்கோ சுமார் 600 கோடி டாலருக்கு நோவலிஸ் என்ற அலுமினியக் கம்பெனியையும் வாங்கின. இரண்டுக்கும் பெருமளவு கடன். அடுத்த வருடமே உலோக விலை சரிந்தது. 2008-ல் மும்பை பங்குச் சந்தையின் (பி.எஸ்.இ.) மெட்டல் குறியீடு ஏறத்தாழ முக்கால் பங்கை இழந்தது.

துறை சுழற்சிக்கு 2003-08 ஏற்றத்தைவிட நல்ல பாடம் நமக்குக் கிடையாது. வட்டி குறைவாக இருந்த தொடக்கத்தில் வங்கியும் வாகனமும் ஓடின. பிறகு கேப்பிடல் குட்ஸ் (ஆலைகளுக்கான இயந்திரங்கள்), கட்டுமானம். ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 2007 மார்ச்சில் 7.75 சதவீதத்துக்கும், வங்கிகள் தன்னிடம் ரொக்கமாக வைக்க வேண்டிய சி.ஆர்.ஆர். பங்கை ஐந்திலிருந்து படிப்படியாக ஏற்றி நவம்பரில் 7.5 சதவீதத்துக்கும் கொண்டுவந்தது. வட்டியை நம்பி ஓடுகிற வாகனத் துறை முதலில் மூச்சு வாங்கியது; கடன் வாங்கி பைக் எடுப்பவன் தயங்க ஆரம்பித்தான். சென்செக்ஸ் அந்த வருடம் 47 சதவீதம் ஏறியது, ஆனால் வாகனக் குறியீடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. பணம் போய்ச் சேர்ந்தது பவர், மெட்டல், ரியல் எஸ்டேட்டில். மெட்டலும் கேப்பிடல் குட்ஸும் ஒரே வருடத்தில் இரட்டிப்புக்கு மேல்.

பி.எஸ்.இ., ரியால்டிக்கு (ரியல் எஸ்டேட்) தனிக் குறியீடு தொடங்கியது 2007 ஜூலையில். பவருக்கு அதே வருடம் நவம்பரில். ஒரு துறைக்குப் புதுக் குறியீடும், அதைத் தொட்டு வரிசையாகப் புது ஃபண்டுகளும் வந்தால், அந்த ஓட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஃபண்ட் கம்பெனிகள் விற்கக்கூடியதைத்தான் வெளியிடும். விற்கக்கூடியது ஏற்கெனவே ஏறியதுதான்.

சந்தையின் உச்சியில் நடந்த கூத்தும் ஒரு பவர் பங்கில்தான். 2008 ஜனவரி 10-ல் சென்செக்ஸ் 21,206-ஐத் தொட்டது. 15-ஆம் தேதி ரிலையன்ஸ் பவரின் ஐ.பி.ஓ., அதாவது பொதுமக்களுக்கான முதல் பங்கு வெளியீடு, திறந்தது, கேட்டது ஏறத்தாழ 11,500 கோடி, விண்ணப்பம் 70 மடங்குக்கு மேல். மின்நிலையங்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தன. இதில் பலரும் கவனிக்காத விஷயம் பணம் முடங்கிய விதம். இன்றுபோல் தொகை நம் கணக்கிலேயே 'பிளாக்' ஆகும் ஏ.எஸ்.பி.ஏ. முறை அப்போது இல்லை. அது அந்த வருடம் செப்டம்பரில்தான் வந்தது. சில்லறை முதலீட்டாளர் விண்ணப்பத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். இருந்த பங்கை விற்றும் கடன் வாங்கியும் கட்டியவர்கள் ஏராளம். ஃப்யூச்சர்ஸில், அதாவது சிறு முன்பணம் கட்டிப் பெரிய தொகைக்குச் செய்யும் வர்த்தகத்தில், அந்த முன்பணத்தை (மார்ஜின்) கூட்டச் சொல்லி புரோக்கர் கேட்டபோது கையில் ரொக்கம் இல்லை. 21-ஆம் தேதி சென்செக்ஸ் 1,408 புள்ளி விழுந்தது; 22-ஆம் தேதி காலை விலை இறக்கத்துக்கான எல்லையை (சர்க்யூட்) தொட்டு ஒரு மணி நேரம் வர்த்தகமே நின்றது. உலகச் சந்தைகளும் அன்று விழுந்தன என்பது உண்மை. ஆனால் இங்கே விழுந்த ஆழத்துக்குக் காரணம் கடன். பிப்ரவரி 11-ல் அந்தப் பங்கு 450 ரூபாய் வெளியீட்டு விலைக்கு மேலே திறந்து, 372.50-ல் முடிந்தது.

அந்த வருட முடிவில் சென்செக்ஸ் 52 சதவீத இறக்கம். ரியால்டி 80 சதவீதத்துக்கு மேல் இறக்கம். சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருள் விற்கும் எஃப்.எம்.சி.ஜி. துறை 14 சதவீத இறக்கத்தோடு தப்பியது. எந்தத் துறையில் நிற்கிறாய் என்பதன் விலை இது.

இனி அளக்கும் விதம். மாதக் கடைசி நாளில் துறைக் குறியீட்டின் முடிவு விலையை, 500 பெரிய கம்பெனிகளைக் கொண்ட நிஃப்டி 500 குறியீட்டால் வகுத்து எக்செல்லில் ஒரு வரிசையில் எழுது. நிஃப்டி 50 வேண்டாம், அதில் வங்கியின் எடை அதிகம், விகிதம் கோணலாகும். பக்கத்தில் பத்து மாதச் சராசரி. விகிதம் தொடர்ந்து இரண்டு மாத முடிவுகளில் சராசரிக்குக் கீழே முடிந்தால் அந்தத் துறைக்குப் புதுப் பணம் கிடையாது. அதன் பிறகு விகிதம் தன் முந்தைய பள்ளத்தையும் உடைத்தால் குறைக்க ஆரம்பி. குறியீடு தனியாக ஏறிக்கொண்டிருக்கும்போதே இந்த விகிதம் திரும்பிவிடுவது உண்டு, அதனால்தான் இதைப் பார்ப்பது. தினமும் பார்க்காதே, தினசரி விகிதம் ஆட்டம் காட்டும்.

ஆனால் விகிதம் இறங்கினால் காரணத்தையும் தேடு. 2007-ல் ஐ.டி. பின்தங்கியது சந்தை முற்றியதால் அல்ல. டாலர் 44 ரூபாயிலிருந்து 39-க்கு வந்து அவர்கள் லாப விகிதத்தை அரித்தது.

இரண்டாவது அளவு, எத்தனை பங்குகள் சேர்ந்து ஏறுகின்றன என்பது. தேரை இழுக்கும் கைகள் குறைந்த பின்னும் தேர் கொஞ்ச தூரம் உருளும். மிட்கேப், ஸ்மால்கேப் (நடுத்தர, சிறிய கம்பெனிகளின்) குறியீடுகள் 2018 ஜனவரியிலேயே உச்சம் கண்டுவிட்டன. நிஃப்டியோ ஆகஸ்ட் கடைசிவரை புது உச்சம் போட்டது. செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் தவணை தவறிய செய்தி வந்தபோது, சிறு பங்கு வைத்திருந்தவன் எட்டு மாதமாக நஷ்டத்தில் இருந்தான். 2019 ஆகஸ்டுக்குள் ஸ்மால்கேப் 100 தன் உச்சத்திலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் கீழே. பார்க்க வேண்டியது ஒரே எண்தான்: நிஃப்டி 500-ல் எத்தனை சதவீதப் பங்குகள் தங்கள் 200 நாள் சராசரிக்கு மேலே. நிஃப்டி உச்சத்தில் இருக்க, இது 80-லிருந்து 50-க்குக் கீழே வந்தால் எச்சரிக்கை. இதுவும் எல்லாத் தடவையும் உதவாது: 2008 ஜனவரியில் சிறு பங்குகள் கிட்டத்தட்ட சென்செக்ஸோடு சேர்ந்தேதான் உச்சம் கண்டன, முன்னறிவிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

நிஃப்டி பி.இ. பற்றிக் கேட்டிருந்தாய். 2000-லும் 2008-லும் 28-ஐத் தொட்டது, அதனால் 28 வரை கவலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2021 ஏப்ரல் முதல், நிஃப்டியை நடத்தும் தேசிய பங்குச் சந்தை (என்.எஸ்.இ.) தனிக் கம்பெனி லாபத்தை விட்டு, துணைக் கம்பெனிகளையும் சேர்த்த லாபத்தில் கணக்கிடுகிறது. ஒரே நாளில் 40-ஐ ஒட்டியிருந்த எண் 33 பக்கம் வந்தது, பங்கு விலை மாறாமலே. பழைய 28-ம் இன்றைய 28-ம் ஒன்றல்ல.

ஐ.பி.ஓ. கூட்டம்தான் எனக்கு இன்னும் நம்பிக்கையான அறிகுறி. 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு பைக் ஷோரூம், எட்டு ஊழியர் கொண்ட கம்பெனி 12 கோடி கேட்டது. 4,700 கோடிக்கு மேல் விண்ணப்பம் வந்தது. செப்டம்பர் 27-ல் நிஃப்டி 26,277. அக்டோபரில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 94,000 கோடி விற்றார்கள், நிஃப்டி 6 சதவீதம் இறங்கியது. அடுத்த ஏப்ரலில் 21,743. மாதத் தவணையாக ஃபண்டுகளில் போடும் எஸ்.ஐ.பி. பணம் மாதம் 25,000 கோடி வந்துகொண்டிருந்ததால் 2008 போல ஆகவில்லை என்பது என் கணிப்பு. ஐ.பி.ஓ.வில் இன்னொன்றும் பார்: கம்பெனிக்குப் போகும் பணம் எவ்வளவு, பழைய பங்குதாரர் விற்று வெளியேறும் பணம் எவ்வளவு. இரண்டாவது பெரிதாகிக்கொண்டே போனால், தொழிலை நன்றாக அறிந்தவர்கள் விற்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த அக்டோபரில் எஃப்.எம்.சி.ஜி. நிஃப்டியைவிட அதிகம் அடிவாங்கியது. நகரத்தில் விற்பனை மந்தம். போதாக்குறைக்குச் செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஏற்றினார்கள், சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வேண்டிய பாமாயில் விலை கூடியது. இறக்கம் வந்தால் சோப்புக் கம்பெனிக்கு ஓடு என்ற பழைய பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர்களுக்கு அது பலிக்கவில்லை. ஃபார்மாவும் ஐ.டி.யும் ஓரளவு தாங்கின, டிசம்பரில் ஐ.டி. புது உச்சமே கண்டது.

உன் பவர் ஃபண்டுக்கு வருகிறேன். முழுதாக விற்காதே, வைத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். மொத்தப் பணத்தில் அது 15 சதவீதமாகத் தொடங்கி 30 ஆகியிருந்தால், கூடுதல் 15-ஐ மூன்றாகப் பிரித்து மூன்று மாதத்தில் எடு. அந்தப் பணத்தை மெட்டலுக்கு மாற்றாதே. எல்லாத் துறைகளிலும், எல்லா அளவுக் கம்பெனிகளிலும் போடும் ஃப்ளெக்ஸிகேப் ஃபண்டிலோ குறுகிய காலக் கடன் ஃபண்டிலோ போடு. ஃப்ளெக்ஸிகேப் மேனேஜர் உள்ளே துறை மாற்றினால் உனக்கு வரி இல்லை; நீயே ஃபண்ட் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் அது விற்பனைதான். 2024 ஜூலை 23-க்குப் பிறகு, ஒரு வருடத்துக்கு மேல் வைத்ததற்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20.

நீ எஸ்.ஐ.பி.யில் வாங்கியதால் ஒவ்வொரு தவணைக்கும் தனித் தேதி. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்காகும். ஸ்டேட்மென்டை அனுப்பு. எந்தெந்தத் தவணைக்கு ஒரு வருடம் முடிந்திருக்கிறது, மார்ச் 31-க்கு முன் எவ்வளவு எடுத்தால் அந்த 1.25 லட்சத்துக்குள் நிற்கும், மீதியை ஏப்ரலுக்குத் தள்ளலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்